திங்கட்கிழமையிலிருந்து மழை

காலை 9.05 மணி. கீழப்பரளை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் முற்றத்தில் நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் தில்லைநாயகம் ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அவர் பொறுப்பில் அறுபத்திரண்டு பள்ளிகள் இருந்தன. வயது ஐம்பத்தெட்டு. இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை செல்வகனிக்கு நாற்பத்து மூன்று. பதவியில் அவருக்குக் கீழே இருப்பவர். ஆனாலும் பதினாறு ஆண்டுகளாகத் தில்லைநாயகம்தான் சீடர், செல்வகனிதான் குரு.

செல்வகனி புதிதாக வேலைக்கு வந்த வருஷம், கழித்தல் வராத ஒரு பையனுக்கு அவர் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தில்லைநாயகம் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். பையன் தப்பாகப் போட்ட எந்தக் கணக்கையும் செல்வகனி அடிக்கவில்லை. "இதை எப்படிப் போட்ட?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே வந்த பையன் பாதியில் நின்று, தானே அடித்துத் திருத்தினான். நாற்பது நிமிஷம் நின்ற தில்லைநாயகத்துக்கு, தனக்கு இந்த வேலை தெரியாது என்று புரிந்தது. அன்று முதல் ஒரு சந்தேகம் என்றால் இங்கேதான் வருவார்.

அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "உத்தரவு போடுறதும் நம்ம சார்தான், உத்தரவு வாங்குறதும் நம்ம சார்தான்."

அவருக்கு இதில் வருத்தம் கிடையாது. கற்றுக்கொள்ளத் தயங்காத அதிகாரி என்று தன்னைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இருந்தது.

அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். பள்ளி வேலைநாட்களைக் கூட்டுவது பற்றியும், தினமும் இவ்வளவு நேரமாவது பாடம் நடக்க வேண்டும் என்று வரையறுப்பது பற்றியும் யோசனை சொல்ல மாவட்டத்தில் ஒரு குழு போட்டிருந்தார்கள். பதினோரு வட்டாரங்களும் அன்று மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை தர வேண்டும். தில்லைநாயகம் எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தார். எண் எழுத வேண்டிய ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இருநூறு நாள் போதல டீச்சர். அஞ்சாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு நாலு வரி படிக்க வரல. இன்னும் எத்தனை நாள் கூட்டணும்? நீங்க சொல்ற எண்ணை அப்படியே எழுதிடுறேன்."

செல்வகனி எழுந்துபோய் விளையாட்டுச் சாமான் பீரோவைத் திறந்தார். பம்பரக் கயிறு, காற்றுப்போன பந்து இவற்றுக்கு அடியில் கைவிட்டு ஒரு ஸ்டாப்வாட்சை எடுத்துத் துடைத்தார்.

"ஓட்டப்பந்தயமா டீச்சர்?"

"ஆமா சார். அஞ்சாம் வகுப்புல போய் உட்காருங்க. ஏதாவது ஒரு பிள்ளையை நீங்களே பார்த்து வச்சுக்குங்க. தெரியாத ஒண்ணை அந்தப் பிள்ளை கத்துக்கிற நேரம் மட்டும் இது ஓடட்டும். மத்த நேரமெல்லாம் நிறுத்திடுங்க."

"எவ்வளவு நேரம்?"

"மணி அடிக்கிற வரைக்கும். அப்புறம் கொண்டாங்க. பதில் சொல்றேன்."

ஐந்தாம் வகுப்பில் இருபத்தேழு பேர். "வணக்கம் ஐயா" என்று எழுந்து நின்ற பிள்ளைகள், அவர் கைகாட்டியும் உட்காரவில்லை. வகுப்பாசிரியர் ஆதிநாதன் கண்ணால் சைகை செய்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். ஆதிநாதனுக்கு இருபத்தொன்பது வயது. இஸ்திரி போட்ட சட்டை அதற்குள் முதுகோடு ஒட்டியிருந்தது.

"நான் இல்லைன்னு நினைச்சு நடத்துங்க தம்பி."

"சரிங்க ஐயா" என்றார் ஆதிநாதன்.

மழை எப்படி வருகிறது என்பது பாடம். கடல், சூரியன், மேகம், மலை எல்லாம் வண்ணத்தில் வரைந்த ஒரு சார்ட் சுவரில் ஏறியது. முதல் கேள்விக்கே ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள். இரட்டைச் சடை, ஒரு பக்கம் ரிப்பன் இல்லை. தில்லைநாயகம் அவளையே தேர்ந்தெடுத்தார். பெயர் இசக்கியம்மாள் என்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஸ்டாப்வாட்சை அழுத்தினார். முள் ஓடியது.

பாடம் நன்றாகவே போனது. கேட்கும் முன்பே கைகள் எழுந்தன. பதில்கள் முழு வாக்கியமாக வந்தன. பதினைந்து நிமிஷம் ஓடியிருக்கும். ஆதிநாதன் மேகத்தைச் சுட்டிக்காட்டி, "இது எப்படி உண்டாச்சு? இசக்கி, நீ சொல்லு" என்றார்.

இசக்கி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு கணீரென்று சொன்னாள். "மழைநீரைச் சேமிக்க வேண்டும் ஐயா."

வகுப்பு சிரித்தது.

"ஏட்டி, அது கடைசிக் கேள்வி!" என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். "உனக்கு ரெண்டாவதுல்லா!"

ஆதிநாதன் சாக்பீஸைக் கீழே போட்டார். குனிந்து எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

இடைவேளையில் தில்லைநாயகம் இசக்கியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"இந்தப் பாடம் எப்ப படிச்ச?"

"நேத்து ஐயா."

"நேத்தா?"

"முந்தாநாளும். ஐயா திங்கக்கிழம வருவாங்கன்னு சொன்னாங்க. நீங்க வரல. நேத்தும் வரல." அவள் விரல்விட்டுப் பார்த்துக்கொண்டாள். "திங்கக்கிழமையிலேர்ந்து மழைதான் ஐயா."

திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியது தில்லைநாயகம்தான். வேறு கூட்டம் வந்ததால் புதனுக்குத் தள்ளினார். தள்ளியதைச் சொல்லி அனுப்பவில்லை. சார்ட்டைப் பார்த்தார். நான்கு மூலையிலும் ஒட்டிப் பிய்த்து மறுபடி ஒட்டிய டேப், தோல் மாதிரி உரிந்து தொங்கியது.

அவருக்குத் தெரியாத விஷயமா இது? ஆசிரியராக இருந்த காலத்தில் அவரிடமும் ஒரு பாடம் இருந்தது. பூமி சூரியனைச் சுற்றும் பாடம். ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால் ஓர் ஆரஞ்சும் ஒரு மெழுகுவர்த்தியும் வாங்கிவிடுவார். முதல் நாள் ஒருமுறை, வரும் நாள் ஒருமுறை. பதினான்கு வருஷம் அதே ஆரஞ்சு. வந்தவர்கள் எல்லாரும் பார்வைப் பதிவேட்டில் "நன்று" என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிறகு அவரே ஆய்வுக்குப் போகிறவர் ஆனார். அறுபத்திரண்டு பள்ளிகளிலும், ஆண்டுக்கு மூன்று முறை, "நன்று" என்று எழுதிக்கொண்டிருக்கிறார். ஆரஞ்சை மறந்துவிட்டார்.

ஸ்டாப்வாட்சை ஆரம்பத்துக்குத் திருப்பினார். முள் பூஜ்யத்துக்குப் போனது.

மதியம்வரை அதை மறுபடி அழுத்த வாய்ப்பு வரவில்லை. ஆதிநாதனுக்கு இருந்தது ஒரு மழைப் பாடம்தான். அது தீர்ந்ததும் தெரிந்த கணக்குகளையே போடச் சொன்னார். அதிகாரி முன்னால் புதிதாக ஒன்றைத் தொடங்கி, அது பிள்ளைகளுக்குப் பிடிபடாமல் போனால்? தில்லைநாயகத்துக்கு அந்தக் கணக்கும் தெரியும்.

சாப்பாட்டுக்குப் பிறகு தமிழ். புத்தகத்தைத் திறந்ததும் ஆதிநாதனின் செல்பேசி அதிர்ந்தது. வாசித்துவிட்டு ஐயாவைப் பார்த்தார், மறுபடி செல்பேசியைப் பார்த்தார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லங்க ஐயா. எத்தனை பிள்ளைங்களுக்கு வங்கிக் கணக்கு இருக்குன்னு அரை மணி நேரத்துல ஏத்தணுமாம்."

"யார் கேட்கிறா?"

ஆதிநாதன் பதில் சொல்லத் தயங்கினார். "நம்ம ஆபீஸ்தான் ஐயா. உங்க பேர் போட்டு வந்திருக்கு."

பிள்ளைகளை ஒரு பக்கம் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு அவர் பதிவேடுகளோடு மூலைக்குப் போனார்.

இசக்கி எழுதினாள். கோடு தாண்டாத எழுத்து. அழகாக இருந்தது. தில்லைநாயகம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எழுதினதைப் படி" என்றார்.

அவள் நோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள்.

"படிம்மா. நீ எழுதினதுதானே?"

"எழுதுவேன் ஐயா" என்றாள் மெதுவாக. "படிக்க வராது."

காலையில் முதலில் உயர்ந்த கை இதுதான்.

தில்லைநாயகம் ஸ்டாப்வாட்சை அழுத்தி மேசைமேல் வைத்தார். வரியில் ஐந்து சொற்கள். மற்றவற்றை உள்ளங்கையால் மறைத்து முதல் சொல்லை மட்டும் காட்டினார். அவள் தப்பாகப் படித்தாள். திருத்த வாய் எடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "எப்படிப் படிச்ச?" என்று கேட்டார். அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, பாதியில் நின்று, "இல்ல... குளத்தில்" என்றாள். சொல்லிவிட்டு அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். அவரே கையை நகர்த்தட்டும் என்று காத்திராமல், அவர் விரலைப் பிடித்து அடுத்த சொல்லிலிருந்து தள்ளினாள். "நீர்."

அப்போது அவர் சட்டைப்பையில் செல்பேசி அடித்தது. மாவட்ட அலுவலகம். ஸ்டாப்வாட்சை நிறுத்திக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இரு, வந்துடுறேன்" என்று வராந்தாவுக்குப் போனார்.

"சார், உங்க வட்டாரம் மட்டும்தான் பாக்கி. எத்தனை நாள்னு போடட்டும்?"

"வந்துக்கிட்டே இருக்கு. பாடநேரம் எவ்வளவு முக்கியம்னு ரெண்டு பக்கம் விளக்கமா எழுதியிருக்கேன்."

"சும்மா ஒரு தடவை வாசிங்களேன் சார், குறிச்சுக்கிறேன்."

பையிலிருந்த தாள்களை எடுத்து வாசித்தார். சிக்னல் போனபோது முற்றத்துக்கு இறங்கி நின்று வாசித்தார். ஒரு நாளில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு குழந்தையின் எதிர்காலம் என்ற இடம் வந்தபோது நீண்ட மணி அடித்தது. பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

மணி 4.10.

தலைமையாசிரியை அறையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். செல்வகனி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். நான்கு நிமிடம், பத்து வினாடி.

தில்லைநாயகம் நாற்காலியில் உட்காரவில்லை. "திங்கக்கிழமையிலேர்ந்து ஒரே பாடம். நீங்க இருக்கிற பள்ளிக்கூடத்துலயே இப்படியா டீச்சர்? தடுத்திருக்கலாமே."

"போன வருஷம் தடுத்தேன் சார்."

"அப்புறம்?"

செல்வகனி பார்வைப் பதிவேட்டை எடுத்து, பக்கம் புரட்டி அவர் பக்கம் திருப்பினார். அவருடைய கையெழுத்து. *ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் விடை கூறத் தயங்குகின்றனர். வகுப்பாசிரியரிடம் விளக்கம் கோரப்படுகிறது.*

"அன்னிக்கு ஆதிநாதன் புதுப் பாடம் நடத்தினான். பிள்ளைங்க யோசிச்சிட்டு இருந்தாங்க. நீங்க தயங்குறாங்கன்னு எழுதிட்டீங்க. அவனுக்கு மெமோ வந்துச்சு. அந்த வாரமே அந்தச் சார்ட்டை வரைஞ்சான். நல்லா வரைவான்."

தில்லைநாயகம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துக்குக் கீழே தேதியும் அலுவலக முத்திரையும் தெளிவாக விழுந்திருந்தன.

"எனக்கு அப்பவே சொல்லியிருக்கலாம்."

"நீங்க அப்ப கேட்கல சார். ஆய்வுக்கு வந்திருந்தீங்க."

வெளியே யாரோ குழாயை மூடும் சத்தம் கேட்டது. அவர் தாள்களை மடித்தார், விரித்தார். காலிக் கட்டம் நடுவில் இருந்தது. வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல், காலையில் கேட்டதையே கேட்டார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"அப்ப, எத்தனை நாள்னு எழுதட்டும் டீச்சர்?"

செல்வகனி ஸ்டாப்வாட்சை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இசக்கி இன்னும் வீட்டுக்குப் போகல சார். வேப்பமரத்தடியில உங்க ஸ்கூட்டர்கிட்ட நிக்கிறா. ஐயா இருன்னு சொல்லிட்டுப் போனாங்க, இன்னும் மூணு சொல் பாக்கி இருக்குன்னு சொல்றா. எத்தனை நாள் வேணும்னு அவகிட்ட கேட்டு எழுதிக்குங்க."

தில்லைநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. சட்டைப்பையில் செல்பேசி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

அடுத்த கல்வியாண்டுக்கு ஜூன் 12, திங்கட்கிழமை பள்ளிகள் திறந்தன. வேலைநாட்கள் இருநூற்று இருபது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பதினோரு அறிக்கைகளில் ஒன்றில் எண்ணுக்கான கட்டம் காலியாக வந்ததால், மாவட்ட அலுவலகத்திலேயே அதில் 20 என்று நிரப்பிக்கொண்டார்கள்.