ஏழு புலவர்களும் ஏழு குஞ்சுகளும்

காலத்துக்கும் முந்திய ஒரு காலத்தில், சிறுகுன்ற நாட்டில், காயாம்பூ என்ற பெண்ணுக்கு ஓர் அநியாயம் நடந்தது. செய்தவர்கள் ஏழு புலவர்கள். செய்த இடம் அரசவை. செய்த விதம்: அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவள் நின்றாள். அவ்வளவுதான். இதில் என்ன அநியாயம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இந்தக் கதை.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரசவையில் மூன்று வழக்குகளை வாதாடி வென்றவர் யாரானாலும், அவருக்கு அவையில் ஓர் இடம். அதற்கு ஏழு புலவர்களும் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காயாம்பூ ஓடக்காரர் மகள். ஏறுகிறவர், இறங்குகிறவர், ஏறலாமா வேண்டாமா என்று கரையில் நிற்பவர் எல்லாரோடும் வாதாடிப் பழகியவள். வேலி தாண்டிக் காய்த்த மாமர வழக்கில் வென்றாள். ஏரி மீன் வழக்கில் வென்றாள். ஓர் எருமைக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடிய வழக்கில், எருமையே தலையாட்டும்படி வென்றாள்.

வென்று, வந்து, புலவர்களின் பலகை முன்னால் நின்றாள்.

எட்டாவது ஆளுக்குத் தாராளமாக இடம் இருந்த பலகை அது. அவளைக் கண்டதும் தலைமைப் புலவர் வெண்தாடியார் தன் வெற்றிலைப் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அடுத்தவர் ஓலைக்கட்டை வைத்தார். அதற்கடுத்தவர் துண்டை விரித்தார். இப்படியே போய், கடைசியில் இருந்தவர் அரைத்தாடியார். அவையில் சேர்ந்து மூன்றே வருடம் ஆனவர். தாடிகூட இன்னும் முழுசாக வளராதவர். வைக்க எதுவும் இல்லாததால் அவர் தன் காலையே தூக்கிப் பலகையில் வைத்தார்.

பிறகு கேட்டார்கள்: நீ எந்த ஊர்? யார் பெற்ற பிள்ளை? உன்னை யார் உள்ளே விட்டது?

சொன்னாள். மறுநாளும் கேட்டார்கள். சொன்னாள். மூன்றாம் நாளும் கேட்டார்கள். முடியாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள், கேட்டிருந்தால் ஜெயித்திருப்பாள். அரசர் கொட்டாவிவர்மர் அத்தனையையும் பார்த்தபடி, பெயருக்கு ஏற்றபடி இருந்தார்.

அன்று அவையில் மந்திரவாதி கடுகனும் இருந்தான். எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி அவனுக்குக் கோபம் படபடவென்று வரும், சட்டென்று அடங்கும். இவள் விஷயம் முடிந்தால்தான் அவன் வழக்கு எடுக்கப்படும். மூன்றாம் நாள், அரைத்தாடியார் மறுபடியும் "உன்னை யார் உள்ளே விட்டது" என்று ஆரம்பித்தபோது கடுகன் எழுந்தான், கோலைத் தூக்கினான், மூன்று சுற்றுச் சுற்றினான்.

பலகையில் ஏழு கோழிகள் நின்றன.

ஏழும் பெட்டைகள். வெண்தாடியார் வெள்ளைக் கோழி, தொண்டைக்குக் கீழே புசுபுசுவென்று இறகு. அரைத்தாடியார் கழுத்தில் பாதி இறகு இல்லாத செவலைக் கோழி. பேச்சு மட்டும் போகவில்லை. ஏழு பேரும் ஒரே மூச்சில் ஆட்சேபம் தெரிவித்தார்கள்.

கோபம் அடங்கியதும் கடுகன் பயந்துபோனான். இவர்களைத் திரும்ப மனிதராக்கு என்று அரசர் சொல்ல, கோபத்தில் போட்ட மாயம் தன் கையில் இல்லை என்று தலையைச் சொறிந்தான்.

"புதுசா வர்ற குஞ்சுகளை இந்தக் கோழிங்க தாமாச் சேர்த்துக்கணும், மன்னா. ஒண்ணாத் தின்னு, ஒரே கழியில ஒட்டி உட்கார்ந்து, ஒரு ராத்திரி தூங்கணும். இருபத்தோரு நாள் கெடு. முட்டை பொரியிற அளவு அது. அதுக்கு மேல போனா மாயமும் பொரிஞ்சிடும். அப்புறம் இவங்க கோழிதான்."

அரசர் யோசித்தார். எல்லாம் இந்தப் பெண் வந்து நின்றதால் வந்தது, ஆகவே இவளே சரிசெய்யட்டும் என்று தீர்ப்பளித்தார்.

நியாயத்தைப் பார்த்தீர்களா? கோலைச் சுற்றியவன் ஒருவன், வாயை மூடாதவர்கள் ஏழு பேர், கொட்டாவிக்குத் தவிர வாயைத் திறக்காதவர் ஒருவர்; கோழிக்கூட்டைப் பெருக்க வேண்டியவள் மட்டும் அவள்.

அவள் ஆற்றுக்கே திரும்பிப் போயிருக்கலாம். கடுகனும் அதைத்தான் சொன்னான்: அவர்கள் கோழியாகவே கிடக்கட்டும், உனக்கென்ன நஷ்டம்? காயாம்பூ பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்வாங்கினான்.

"ஏழு பேரும் சரின்னு சொன்னாத்தான் எனக்கு இடம். கோழி சொன்னா சட்டப்படி செல்லுமா? இவங்க இப்படியே போயிட்டா நான் ஆயுசுக்கும் அந்தப் பலகை முன்னாடி நின்னுக்கிட்டேதான் இருக்கணும்."

அரண்மனைப் பின்கட்டில் கோழிக்கூடும் முற்றமும் இருந்தன. தாயைப் பருந்து தூக்கிக்கொண்டு போக, சமையல்கட்டு ஓரத்தில் ஏழு குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் இறக்கை முளைத்தவை. புலவர்களோ இரண்டே நாளில் முற்றத்தைத் தங்கள் அவையாக்கிவிட்டார்கள். தவிட்டை முதலில் கொத்துபவர் வெண்தாடியார், கடைசியில் மிச்சத்தைக் கொத்துபவர் அரைத்தாடியார். நடுவில் யாராவது முந்தினால் தலையில் ஒரு கொத்து. வெண்தாடியார் முட்டைகூட இட்டுவிட்டார். அதைப் பற்றி மதியம் வரை உரையாற்றினார்.

காயாம்பூவுக்கு மீனைத் தெரியும், கோழியைத் தெரியாது. ஒரே ஒரு குஞ்சாக விட்டால் யாருக்கும் உறுத்தாது என்று நினைத்தாள். இருப்பதிலேயே சாதுவான ஒன்றைத் தூக்கி நடுமுற்றத்தில் விட்டாள்.

ஏழு கழுத்துகள் நீண்டன. நீ எந்த முட்டை? யார் அடைகாத்தது? உன்னை யார் உள்ளே விட்டது?

குஞ்சுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். கீச்.

கொத்தினார்கள். வெண்தாடியார் ஒரு கொத்துக் கொத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டார். விரட்டி விரட்டிக் கொத்தியவர் அரைத்தாடியார். காயாம்பூ பாய்ந்து குஞ்சை மடியில் போட்டுக்கொண்டு, தன் கையிலும் நாலு கொத்து வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

அடுத்தது அரசரின் யோசனை. குஞ்சுகளுக்கென்று தனி முற்றம், தனித் தண்ணீர்ச் சட்டி, நடுவில் ஆளுயரச் சுவர். யாருக்கும் மனக்கசப்பில்லை, எவ்வளவு மரியாதையான ஏற்பாடு என்று அவரே மெச்சிக்கொண்டார். ஐந்து நாள் போனது. குஞ்சுகள் அந்தப் பக்கம், கோழிகள் இந்தப் பக்கம், மாயம் நடுவில் அசையாமல். "மரியாதையா வெளியில நிறுத்துறதுக்குப் பேரும் வெளியில நிறுத்துறதுதான், மன்னா" என்று சொல்லிவிட்டு, சுவரைக் காயாம்பூவே இடித்தாள்.

அடுத்தது கடுகனின் யோசனை. குஞ்சுகள் சின்னதாக இருப்பதால்தானே கொத்துகிறார்கள்? கோலைச் சுற்றினான். ஏழு குஞ்சுகளும் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தன. புலவர்கள் அலறிக்கொண்டு கூட்டின் கூரையில் ஏறினார்கள். ஆனால் உடம்பு வளர்ந்ததே தவிர வயது வளரவில்லை. அந்த ராட்சதக் குஞ்சுகளுக்குக் குளிரெடுத்தது. கீச் கீச் என்று கதறிக்கொண்டு, அணைப்புத் தேடி, அவையும் கூரையில் ஏறின. ஒன்று வெண்தாடியாரின் இறக்கைக்கடியில் புகப் பார்த்தது. அவர் அதற்கடியில் போனார். கூரை இறங்கியது. கடுகன் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு அன்று முழுக்க யார் கண்ணிலும் படவில்லை.

அந்தக் களேபரத்தில்தான் ஒன்று நடந்தது. கோழிகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரம் ஒன்று வேலியோரம் சாய்ந்திருந்தது. யார் கால் பட்டதோ, அது உருண்டு ஒரு குஞ்சின் மேல் கவிழ்ந்தது. அரைத்தாடியார் ஓடிவந்து கொத்தினார். மூங்கில். சுற்றிவந்து கொத்தினார். மூங்கில். உள்ளே குஞ்சு நிம்மதியாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அவரும் அங்கேயே நின்று மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

காயாம்பூ அதைப் பார்த்தாள். பெரிய பஞ்சாரமாக ஒன்று கொண்டுவரச் சொன்னாள். நடுமுற்றத்தில், எல்லாரும் போகிற வருகிற வழியில் கவிழ்த்து, ஏழு குஞ்சுகளையும் ஒன்றாக உள்ளே விட்டாள். உள்ளே தவிடு வைக்கும்போதே வெளியிலும் வைத்தாள். முதல் நாள் புலவர்கள் மூங்கிலைக் கொத்தினார்கள். இரண்டாம் நாள் திட்டினார்கள். மூன்றாம் நாள் திட்டுவதற்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த வேடிக்கையைக் காண ஊரே வேலியோரம் கூடியது. சிரிப்பதற்கென்றே வந்தவர்கள் சிலர் இருந்தார்கள்: உப்புக்காரி ஒருத்தி, கொல்லர் ஒருவர், குயவர் வீட்டு மருமகள், இன்னும் மூன்று பேர். ஆறு பேரும் வெவ்வேறு வருடங்களில் மூன்று வழக்கு வென்றவர்கள். ஒவ்வொருவராகப் போய்ப் பலகை முன்னால் நின்று, ஒவ்வொருவராகத் திரும்பிப் போனவர்கள். தனக்கு மட்டும்தான் அப்படி நடந்தது என்று இத்தனை நாளும் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்து முடித்ததும் அவர்கள் போகவில்லை. குருணை கொண்டுவந்தார்கள், கீரைக்கட்டு கொண்டுவந்தார்கள்.

பத்தாம் நாள் சாயங்காலம் அரைத்தாடியார் பஞ்சாரத்தின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நீங்கள்தானே கடைசியாக வந்தவர், வந்தவருக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தானே தெரியும், ஏன் எல்லாரையும்விட நீங்கள் அதிகமாகக் கொத்துகிறீர்கள் என்று காயாம்பூ கேட்டாள். வாதத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

செவலைக் கோழி காலால் மண்ணை இரண்டு தடவை கிளறியது.

"மூணு வருஷம் என்னை ஆறு பேரும் கொத்தினாங்கம்மா. திருப்பிக் கொத்த முடியுமா? எனக்கும் கொத்த ஒரு ஆள் வேணாமா?"

காயாம்பூவிடம் இதற்கு நாற்பது பதில் இருந்தது. ஒன்றையும் சொல்லாமல் அவர் முன்னால் ஒரு பிடி குருணையைத் தனியாக வைத்துவிட்டுப் போனாள். யாரும் முந்திக்கொள்ளாமல் அவர் தின்றது மூன்று வருடத்தில் அன்றுதான்.

இருபதாம் நாள். பழைய பானைக்குள் சாணியும் கிழிந்த சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்து, உப்புக்காரி முதல் நாளே மண்ணில் கவிழ்த்து வைத்திருந்தாள். காலையில் நிமிர்த்தினால் உள்ளே கறையான் அப்பிக் கிடந்தது. அப்படி ஏழு பானை. முற்றத்தின் ஏழு மூலையிலும் உதறினார்கள். (முற்றத்துக்கு ஏது ஏழு மூலை என்று கேட்காதீர்கள், அவ்வளவு இடத்தில் உதறினார்கள்.) கறையானைக் கண்ட கோழிக்குப் பதவி ஞாபகம் இருக்காது. எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் முதல்வராக வெண்தாடியாராலும் முடியாது. ஏழு பேரும் தலையைக் குனிந்த அந்த நொடியில் காயாம்பூ பஞ்சாரத்தைத் தூக்கினாள்.

ஏழு குஞ்சுகளும் ஒன்றாக ஓடிவந்து நடுவில் புகுந்தன. ஒருவர் அரைக்கண்ணால் பார்த்தார். பத்து நாளாகப் பார்த்த மூஞ்சிதானே என்று மறுபடி குனிந்துகொண்டார். ஒரு குஞ்சு வெண்தாடியாரின் அலகுக்கடியிலிருந்தே ஒரு கறையானைப் பிடுங்கியது. அவர் ஒரு கொத்துக் கொத்தினார். அது நாலடி ஓடி, திரும்பி வந்து, இன்னொன்றைப் பிடுங்கியது. அவருக்கு அதற்குமேல் நேரமில்லை.

பொழுது சாய்ந்தது. புலவர்கள் வரிசைப்படி கழியில் ஏறினார்கள். கையால் தூக்கி வைத்தால் மாயம் ஒப்புக்கொள்ளாது, தாமாகத்தான் நடக்க வேண்டும். வேலியோரம் காயாம்பூவும் அந்த ஆறு பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். குஞ்சுகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தன. ஒன்று குதித்தது, விழுந்தது. குதித்தது, விழுந்தது. மூன்றாம் தடவை கழியின் ஓரத்தில், அரைத்தாடியாருக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் அலகை ஓங்கினார். அதற்குள் அது அவர் இறகில் தலையைச் செருகித் தூங்கிவிட்டிருந்தது.

ஓங்கிய அலகு அப்படியே நின்றது. மற்ற ஆறு பேரும், யார் அது, எந்த முட்டை, யார் உள்ளே விட்டது என்று கொக்கரிக்க ஆரம்பித்தார்கள்.

"சத்தம் போடாதீங்கய்யா" என்றார் அரைத்தாடியார். "தூங்குது."

மூன்று வருடத்தில் அவர் அவர்களை எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அது. அதிர்ச்சியில் அவர்கள் வாயை மூடுவதற்குள், மீதி ஆறு குஞ்சுகளும் ஏறி, இடுக்கு இடுக்காகப் புகுந்துவிட்டன.

விடிந்தது. முழுசாக வளர்ந்த ஏழு ஆண்களின் பாரம் தாங்காமல் மூங்கில் கழி படாரென்று முறிந்தது. தவிட்டிலும் எச்சத்திலும் விழுந்து கிடந்த புலவர்கள் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். வெண்தாடியாரின் தாடிக்குள்ளிருந்து ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது. அவர் அதை எடுத்துவிடவில்லை, அப்படியே குளிக்கப் போனார்.

அன்றே அவை கூடியது. வெற்றிலைப் பெட்டி எடுக்கப்பட்டது. ஓலைக்கட்டு எடுக்கப்பட்டது. துண்டு மடிக்கப்பட்டது. ஒருவர் பின் ஒருவராக ஏழு பேரும் சரி என்றார்கள். அரசர் கொட்டாவி விடாமல் கேட்டார். வா அம்மா, வந்து உட்கார், உனக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று வெண்தாடியார் கைகாட்டினார்.

காயாம்பூ உட்காரவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். உப்புக்காரி, கொல்லர், குயவர் வீட்டு மருமகள், மற்ற மூவர், எல்லாரும் உள்ளே வந்து அவளோடு நின்றார்கள்.

"நான் மட்டும் வர்றதா இல்லைங்கய்யா. ஒத்தைக் குஞ்சை உள்ள விட்டா என்ன நடக்கும்னு இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்லணுமா? இவங்க ஆறு பேரும் சட்டப்படி ஜெயிச்சவங்க. ஏழு பேராத்தான் வருவோம்."

வெண்தாடியார் அரசரைப் பார்த்தார். அரசர் கூரையைப் பார்த்தார். பலகையின் கோடியிலிருந்து அரைத்தாடியார் எழுந்தார். பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சாண் சாணாக அளந்தார். பிறகு சொன்னார்:

"இது பத்தாது, மன்னா. தச்சரைக் கூப்பிட்டு நீளமா ஒண்ணு போடச் சொல்லுங்க."