‘கு’ என்றால் ‘ஃபார்’

கதைக்குள் நுழையுமுன் கேட்பவர் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது: தமிழில் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சிறுசொல், பெயருக்கு முன்னால் தனியே நிற்கும். எந்தச் சிறுசொல் நிற்க வேண்டும் என்பதை, அதற்கும் முன்னால் வரும் பெயரடை முடிவுசெய்யும். காரணம் கேட்டால் சொல்லாது. இரண்டாவது: ‘அஃப்ரெய்ட்’ என்பது அச்சம். அதன்பின் ‘ஆஃப் யூ’ வந்தால், உம்மைக் கண்டு அஞ்சுகிறேன் என்று பொருள். ‘ஃபார் யூ’ வந்தால், உமக்கு ஏதோ நேர்ந்துவிடப் போகிறதே என்று அஞ்சுகிறேன் என்று பொருள்.

இனிக் கதை.

வெண்குடிச் சமஸ்தானத்தின் மன்னர் மகுடேசுவர மழவராயருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆங்கிலத்தில் கடிதம் அனுப்புவதில் அடங்காத ஆசை. கும்பினியாரின் பிரதிநிதியான ரெசிடெண்ட் கிரெஸ்வெல் துரை வருகிறார் என்று கேள்விப்பட்டதும், பணிவு ததும்ப ஒரு கடிதம் சொன்னார்.

“தங்களுக்கு அஞ்சுகிறேன். விருந்துக்கு வருக.”

தளவாய் கொண்டல்ராயர் அகராதியும் கையுமாக அமர்ந்து அதை மொழிபெயர்த்தார்: “ஐ ஆம் அஃப்ரெய்ட் ஃபார் யூ. கம் டு டின்னர்.”

அரண்மனையில் கடிதங்களை வாசித்துச் சொல்லும் பொறுப்பில் இருந்த கோமளவல்லி பதறினாள். “தளவாய் அவர்களே, அது ‘ஆஃப்’.”

“அம்மணி, ‘கு’ என்றால் ‘ஃபார்’. அகராதியில் இருக்கிறது. மன்னர் ‘தங்களுக்கு’ என்றாரா, இல்லையா?”

“என்றார். ஆனால் ‘அஃப்ரெய்ட்’ அதற்கு இசையாதே!”

“இசையாமல் போக அது என்ன என் மாமியாரா?”

சபை சிரித்தது. மன்னரும் சிரித்தார். “ஓர் உருபுக்கு ஒரு சொல் என்பதுதானே ஒழுங்கு? முத்திரை இடுங்கள்” என்றார்.

கடிதம் போயிற்று. நான்காம் நாள் காலையில் துரை வந்தார், அறுபது சிப்பாய்களோடு. வந்தவர் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. ‘உம் உயிரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, சாப்பிட வாரும்’ என்று எழுதியவர் வீட்டில் யார்தான் தண்ணீர் குடிப்பார்?

இந்தத் துரைக்குத் தம் தமிழின்மேல் அபாரப் பெருமை. தமிழ்த் தேர்வில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் எங்கும் போவார். சபை நடுவே நின்று முழங்கினார்.

“மகாராஜா! நான் உம்முடன் கோபமாக இருக்கிறேன்! கோட்டைச் சாவியை இப்போதே கொடும். சிங்காசனத்தை விட்டு இறங்கும்!”

மன்னர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை இறுகப் பற்றிக்கொண்டார். தளவாய் அகராதியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

கோமளவல்லி முன்னால் வந்தாள். “துரையவர்களே, முதல் வாக்கியத்தை இன்னொரு முறை சொல்ல வேண்டும். எழுத்தர் ராயசம் எழுதிக்கொள்ளட்டும்.”

துரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “நான். மகாராஜாவுடன். கோபமாக. இருக்கிறேன்.” எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்தும் இட்டார். “இலக்கணப் பிழை உண்டா?”

“ஒன்றுகூட இல்லை” என்றாள் கோமளவல்லி. பிறகு மன்னரைப் பார்த்துக் கும்பிட்டாள். “மகாராஜா, நல்ல செய்தி! துரையவர்கள் தங்களுடன் சேர்ந்து கோபமாக இருக்கிறாராம். தங்களுக்கும் கோபந்தானே?”

மன்னருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. “ஆமாம், ஆமாம்! கொதிக்கிறது!”

“நோ, நோ! உம்முடன் கோபம்!” என்றார் துரை.

“நானும் உம்முடன்தான்!”

“நான் உம்முடன்!”

“அதைத்தானே நானும் சொல்கிறேன்! இனி எக்காலமும் சேர்ந்தே கோபிப்போம்!” மன்னர் இறங்கி வந்து துரையின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

துரையின் முகம் செம்பருத்தி ஆயிற்று. “ஆங்கிரி வித் யூ!” என்று தாய்மொழியில் கத்தினார்.

“அங்கேதான் வழி தவறிற்று” என்றாள் கோமளவல்லி. “ஆங்கிலக் கோபத்துக்கு ‘வித்’ துணை. தமிழ்க் கோபத்துக்கோ ‘மேல்’ வேண்டும். தங்கள் ‘வித்’ தமிழுக்கு வந்து ‘உடன்’ ஆயிற்று, பகை நட்பாகிவிட்டது. எங்கள் ‘கு’ ஆங்கிலத்துக்குப் போய் ‘ஃபார்’ ஆயிற்று, பணிவு மிரட்டலாகிவிட்டது. மன்னர் சொல்ல நினைத்தது ‘ஆஃப் யூ’. ஒரு சிறுசொல் பிசகியதற்கு நாங்கள் கோட்டைச் சாவியைத் தர வேண்டுமென்றால் தருகிறோம். ஆனால் தாங்கள் கையெழுத்திட்ட ஓலை இதோ இருக்கிறது. இதைத் தேர்வு நடத்தியவர்களுக்கு அனுப்பினால், தாங்கள் எதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்?”

துரையின் கை தானாகப் பதக்கத்தை மூடிக்கொண்டது. முதலில் அவர் மீசை நடுங்கியது, பிறகு தோள், பிறகு பதக்கம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“அப்படியென்றால் அந்த ‘ஃபார்’ யாருடையது?”

எல்லாத் தலைகளும் திரும்பின.

“தளவாய்!” என்றார் மன்னர். “உம்மேல் கோபமாக இருக்கிறேன்!”

“ஓ! மேல்!” என்று துரை ஆவலாகக் கற்றுக்கொண்டார். அவசரத்தில் நடுச்சொல்லை விட்டுவிட்டார். “நானும் தளவாய்மேல் இருக்கிறேன்!”

துரையின் உருவம் பெரிது. தளவாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஐயோ துரையவர்களே, தாங்க மாட்டேன்!” என்று தூணைக் கட்டிக்கொண்டார்.

பின்னர் நடந்தவை இவை. சாவி மன்னரிடமும், பதக்கம் துரையிடமும் இருந்தன. சிப்பாய்கள் அறுபது பேரும் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். கோமளவல்லிக்குப் பொன்னாலான எழுதுகோலும், ‘சிறுசொற் சுங்க அதிகாரி’ என்ற பதவியும் வழங்கப்பட்டன; அவள் கையெழுத்து இல்லாமல் ஓர் உருபும் எல்லை தாண்டக் கூடாது என்பது ஆணை. மறு ஆண்டு அழைப்பில் “கம் டு டின்னர்” என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. அதற்குத் துரையின் பதில் வந்தது: “ஐ ஆம் ரெடி ஃபார் டின்னர்.” அதாவது, விருந்துக்குத் தயார்.

தளவாய் கடிதத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சபைக்குள் ஓடிவந்தார். “விருந்துக்கு! ‘கு’! ஃபார்! நான் அன்றே சொன்னேனா இல்லையா, அம்மணி?”

கோமளவல்லி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். பொன் எழுதுகோலால் ஓரத்தில் கையெழுத்திட்டாள்.

“இந்த ஒன்று மட்டும்,” என்றாள், “சுங்கமில்லாமல் போகலாம்.”