பிள்ளையாருக்கு ரெண்டு சுத்து

ஓய்வுபெற்ற தாசில்தார் கனகசபாபதி தன் பழைய காரின் எஞ்சினைப் போர்டிகோவிலேயே பிரித்துப் போட்டார். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இரண்டும் தேய்ந்திருந்தன. புதிதாக வாங்கித் தானே மாட்டினார். உதவிக்கு வந்த மெக்கானிக்கை, "தாலுகாவையே கட்டி மேய்ச்சவனுக்கு இது ஒரு வேலையா?" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, சமையல் செய்யும் மாராத்தாளைக் கூப்பிட்டார்.

"உன் கையால சாவியைத் திருப்பு. வண்டி கிளம்பலைன்னா உன் கைராசிதான் சரியில்லைன்னு அர்த்தம்."

மாராத்தாள் சாவியை வாங்கிக்கொண்டாள். "திருப்பறனுங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஸ்பேனர் போட்டு, எஞ்சினைப் பிள்ளையாருக்குன்னு கையால ரெண்டு சுத்து சுத்திடுங்க. அப்பத்தான் விக்கினம் வராது."

பிள்ளையார் என்றதும் அவரால் மறுக்க முடியவில்லை. சுற்றினார். முதல் சுற்று முடிவதற்குள் டக்கென்று நின்றது. எவ்வளவு அழுத்தியும் நகரவில்லை. குனிந்து பார்த்தார். இரண்டு கேம்ஷாஃப்டையும் இடம் மாற்றி மாட்டியிருந்தார். அப்படியே சாவியைத் திருப்பியிருந்தால் வால்வெல்லாம் வளைந்திருக்கும்.

கழற்றி, சரியாக மாட்டி, மறுபடி சுற்றினார். இரண்டு சுற்றும் தங்குதடையில்லாமல் போனது. மாராத்தாள் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது.

தாசில்தாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எந்தக் கோயில் வழக்கம் மாராத்தா இது?"

"கோயில் இல்லீங்க. போன மாசம் நீங்க கிரைண்டரைப் பிரிச்சு மாட்டின அன்னைக்கு நானா ஆரம்பிச்சதுங்க. சீலிங்கில மாவு இன்னும் ஒட்டியிருக்குது."