கட்டிலேறிய எறும்புகள்

"மாதாஜி, விரதத்தை முறிச்சுட்டேன்" என்றார் தரணேந்திரன்.

மலையடிவாரத்துச் சமணக் கோயிலின் மண்டபத்தில் துறவி அமர்ந்திருந்தார். வெள்ளைச் சேலை. பக்கத்தில், சிற்றுயிர்களை நோகாமல் ஒதுக்கிவிடும் மயில்பீலிக் கொத்து. அவருக்கு வயது முப்பத்து நான்கு. தரணேந்திரனுக்கு அறுபத்திரண்டு. எந்த உயிரையும் அறிந்து கொல்வதில்லை என்று மூன்று வருஷம் முன்பு இவர் எதிரில்தான் தரணேந்திரன் கைகூப்பிச் சொன்னார்.

"எதைக் கொன்னீங்க?"

"எறும்பை."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான். கையாலேயே தேச்சேன். சுவர்ல ஏறித் தப்பிச்சுப் போனதைக்கூட விடல."

தரணேந்திரன் மறுபடி கைகூப்பினார்.

"பிராயச்சித்தம் குடுங்க. எத்தனை நாள் உபவாசம்னாலும் இருக்கேன்."

"எறும்பு என்ன செஞ்சுது?"

தரணேந்திரன் தரையைப் பார்த்தார்.

"என் சம்சாரம் சுனந்தா படுத்த படுக்கையா இருக்கா. பக்கவாதம். எட்டு மாசமாச்சு. வாய் வராது, கை கால் வராது, தலையை மட்டும் அசைப்பா. சர்க்கரை வேற. பங்குனி பொறந்து வெயில் ஏறினதும் எறும்பு வீட்டுக்குள்ள வர ஆரம்பிச்சுது. அவ படுக்கையைத் தேடித்தான் வருது. துணியை மாத்திக்கிட்டே இருந்தேன். மஞ்சள்தூள் போட்டேன். கட்டில் கால் நாலுக்கும் கிண்ணத்துல தண்ணி வெச்சேன்."

"அப்புறம்?"

"நேத்து மத்தியானம் உக்காந்த வாக்குல கண் அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா, கிண்ணத்துல தண்ணி வத்திக் கிடக்கு. அவ காதுல, உதட்டுல, இமையோரத்துல..."

தோள் துண்டை உருவிக் கையில் எடுத்தார்.

"கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் கிடந்தா, மாதாஜி. தட்டிவிடக் கை இல்லையே அவளுக்கு."

துறவி கேட்டார்:

"கோபம் எறும்பு மேலயா?"

தரணேந்திரன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

துறவி மயில்பீலியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வீடு எங்க?"

உடன் இருந்து பணிவிடை செய்யும் இந்திராணி பதறினாள். "மாதாஜி, ஆகார நேரம். இப்ப விட்டா இன்னைக்கு முழுக்க ஒண்ணும் கிடையாது."

"நாளைக்கு ஆகட்டும்."

வெயிலில் வெறுங்காலோடு நடந்தார்கள்.

தரணேந்திரன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே வேம்பு பூத்திருந்தது. ஜன்னல் கட்டையிலிருந்து எறும்பு வரிசை இறங்கிக்கொண்டிருந்தது. சுனந்தாவின் முகம் தடித்துச் சிவந்திருந்தது.

துறவி கட்டிலருகே பலகை போட்டு அமர்ந்தார். குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் தூங்கட்டுமா? நான் இருக்கேன்."

சுனந்தா சரி என்று தலையை அசைத்தாள்.

துறவி திரும்பினார். "பிராயச்சித்தம் கேட்டீங்களே. பாயை விரிங்க. படுங்க."

"இது பிராயச்சித்தமா?"

"என்கிட்ட இருக்கிறது இதுதான்."

"நான் தூங்கினா எறும்பு வருமே."

"வரும். நான் பாத்துக்கறேன்."

கட்டிலை ஒட்டிப் பாயை விரித்துப் படுத்தார். தூக்கம் வராது என்றுதான் நினைத்தார். மேலே, போர்வையில் பீலி உரசும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நிற்கும். மறுபடி கேட்கும். எட்டு மாதத் தூக்கமும் ஒன்றாக வந்து அவரை அமுக்கியது.

விழித்தபோது வெயில் மேற்கு ஜன்னலுக்கு மாறியிருந்தது.

துறவி அதே பலகையில் இருந்தார். அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை தடித்திருந்தன. வாசற்படியில் இந்திராணி முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள்.

சுனந்தாவின் மேல் ஓர் எறும்பு இல்லை.

அவளுடைய நெஞ்சு ஏறி இறங்கவும் இல்லை.

"எப்ப?" என்றார் தரணேந்திரன்.

"இப்பத்தான். மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. காதுல மந்திரம் சொன்னேன்."

"என்னை எழுப்பியிருக்கலாமே!"

அந்த ஊரில் யாரும் துறவியிடம் குரலை உயர்த்தியதில்லை. தரணேந்திரன் கத்தினார்.

"முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கேன் அவகூட! ஒரு குரல் குடுத்திருந்தா எழுந்திருப்பேனே! இங்கதானே கிடந்தேன்!"

"எழுப்பத்தான் வந்தேன்."

"அப்புறம்?"

"வேண்டாம்னு தலையை அசைச்சாங்க."

"சரியாப் பாத்தீங்களா?"

"நானும் நம்பல. மறுபடி உங்க தோள்கிட்ட கையைக் கொண்டுவந்தேன். மறுபடியும் அசைச்சாங்க. அதுக்கு மேல என்னால முடியல."



தரணேந்திரன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சூடு இன்னும் போகவில்லை.

"வலிச்சுதா அவளுக்கு?"

"கொஞ்சம்."

வெகுநேரம் கழித்து, கேட்கலாமா என்று தயங்கிக் கேட்டார்.

"கடைசியில எதைப் பாத்துக்கிட்டிருந்தா?"

துறவி பாயைக் காட்டினார்.

தலையணையில் அவர் தலை அழுந்திய குழி அப்படியே இருந்தது.