வசந்த மண்டபத்துத் தளம்

முன்னொரு காலத்தில் நெடுவயல் நாட்டை மழவராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். நினைத்தால் சிரிப்பான், நினைத்தால் சீறுவான். அவனிடம் வேலை பார்ப்பதைவிட மாடு மேய்க்கப் போகலாம். அவனுக்குப் புதிதாக ஒரு வசந்த மண்டபம் வேண்டியிருந்தது. கட்டினார்கள்.

மண்டபத்தின் மேல் சுண்ணாம்புக் காரை கொட்டித் தளம் போட்டால், அது இறுகும்வரை பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டுப் பாடி, ஒரே தாளத்தில். தாளம் தப்பினால் கட்டை பக்கத்தில் இருப்பவள் கையில் விழும். சரியாகத் தட்டாவிட்டால் தளம் ஒழுகும். ஆண்கள் கட்டையைத் தொடுவதில்லை. அந்த நாட்டு வழக்கம் அது.

பாதித் தளம் முடிந்த நேரம் கைப்பிடிச் சுவர் சரிந்தது. சடச்சி என்பவளின் வலது கை நசுங்கிப் போயிற்று. வீட்டில் நோயாளிப் புருஷன், இரண்டு பிள்ளைகள். சபைக்கு வந்து நின்றாள்.

"சாமி, கை போச்சு. கஞ்சிக்கு ஒரு வழி சொல்லுங்க."

"பாவம், நெல் கொடுக்கலாம்" என்றான் மந்திரி வேம்பையன். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். எங்கே முடிந்தது? சட்டப் பண்டிதர் ஆராவமுதர் எழுந்துவிட்டார். மந்திரியைக் கண்டால் அவருக்கு வயிற்றெரிச்சல். மந்திரி ஆம் என்றால் இவர் இல்லை என்பார்.

"மகாராஜா! 'அரண்மனை வேலையில் கை கால் இழந்த ஆண்மகனுக்கு ஆயுள்வரை நெல். அவன் மாண்டால் அவன் மனைவிக்கு நெல்.' இதுதான் சட்டம். இவள் ஆண்மகனா?"

"இல்லையே" என்றான் ராஜா.

"மாண்டவனின் மனைவியா?"

"எம் புருஷன் உசுரோடதான் இருக்காரு சாமி!" என்று சீறினாள் சடச்சி.

"பிறகென்ன? நெல் கிடையாது."

"சட்டத்தில் 'அடிபட்டவர்' என்று மாற்றி எழுதினால் தீர்ந்தது" என்றான் மந்திரி.

"பாட்டனார் எழுதிய சட்டத்தில் கை வைப்பதா? அதுவும் எதற்கு? தளம் தட்டுவதெல்லாம் ஒரு வேலையா? பாடிக்கொண்டே கட்டையால் தட்டுகிறார்கள். பொழுதுபோக்கு!"

"அப்படியா!" என்றான் மந்திரி. "மகாராஜா, மீதித் தளத்துக்கு இன்று காலைதான் காரை கொட்டியது. மழையும் கறுத்து நிற்கிறது. பொழுதுபோக்குத்தானே, பண்டிதரும் சபையாரும் தட்டட்டுமே."

ராஜாவுக்குக் கூத்து என்றால் உயிர். "ஏறுங்களய்யா மேலே!" என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினார்கள். பாட்டுத் தெரியாது. தாளம் கிடையாது. ஆளுக்கொரு பக்கம் அடித்தார்கள். சேனாதிபதி ஓங்கிய கட்டை பண்டிதரின் கட்டைவிரலில் இறங்கியது. மழையும் பிடித்துக்கொண்டது.

பண்டிதர் அலறிக்கொண்டு கீழே ஓடிவந்தார். "விரல் போச்சே! மகாராஜா, எனக்கு நெல்! நான் ஆண்மகன்!"

"யார் இல்லை என்றது?" என்றான் மந்திரி. "ஆனால் வேலையில் அடிபட்டால்தானே நெல்? உமக்கு அடிபட்டது பொழுதுபோக்கில்."

"இதுவா பொழுதுபோக்கு? இடுப்பு கழன்றுவிட்டதய்யா! வேலைதான்! சத்தியமாக வேலைதான்!"

அந்த நேரம் ராஜாவின் கிரீடத்தில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. பிறகு மூக்கில். ராஜா அண்ணாந்து பார்த்தான். எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்றான். அங்கே ஒரு சொட்டு இல்லை.

"இது யார் தட்டியது?"

"சடச்சியும் கூட்டாளிகளும்" என்றான் மந்திரி.

"பண்டிதரே, என் தலையை நனைத்த உமக்கு நெல், நனையாமல் காத்தவளுக்குக் கிடையாதா? எழுதும் சட்டத்தை. ஆண்மகன் வேண்டாம், 'அடிபட்டவர்'. மனைவி வேண்டாம், 'அவரை நம்பியிருப்பவர்'."

"மகாராஜா, கட்டைவிரல்..."

"இடது கையால் எழுதும்!"

மந்திரிக்கு முத்துமாலை கொடுத்தான். "மாலை கிடக்கட்டும், அந்தக் கைப்பிடிச் சுவரை முதலில் கட்டச் சொல்லுங்கள்" என்றான் மந்திரி.

மறுநாள் களஞ்சியத்தில் நெல் அளந்தார்கள். சடச்சிக்கு ஆயுள்வரை, பண்டிதரின் விரலுக்கு ஒரு படி. கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பண்டிதர் முன்னால் நுழையப் பார்த்தார்.

"பின்னால வாங்க சாமி" என்றாள் சடச்சி. "முதல்ல அடிபட்டவ நான்."