அரசர் இழுக்க ஒன்று

பூவேலிப் பாளையத்தை ஆண்ட விசயபூபதிக்கு எதிரிகள் என்று பெரிதாக யாரும் கிடையாது. இருந்த ஒரே எதிரி அவர் வாயிலேயே புகைந்துகொண்டிருந்தது. விரல் பருமனில் சுருட்டு. ஒன்றின் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைப்பார். கடைசியில் இழுப்பு நோய் வந்துசேர்ந்தது. அரண்மனைப் படியேறும்போது மூச்சு வாங்கி நடுப்படியிலேயே உட்கார ஆரம்பித்தார். நாடாளும் மனிதர் நடுப்படியில் உட்கார்ந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

அரண்மனை வைத்தியர் சிவக்கொழுந்து சூரணமும் லேகியமும் கொடுத்துப் பார்த்தார். சுருட்டை விடாவிட்டால் தம்மால் ஆகாது என்று கையை விரித்தார். அரசர் ரோஷக்காரர். அன்றே விட்டார். மூச்சும் சீரானது.

ஆனால் வாய் சும்மா இருக்கவேண்டுமே. சுருட்டு நினைப்பு வரும்போதெல்லாம் கை பலகாரத் தட்டுக்குப் போனது. மந்திரி பேசினால் முறுக்கு, தூதன் வந்தால் அதிரசம், வழக்கு விசாரித்தால் இரண்டும். காலாற நடந்தால் நல்லது என்று வைத்தியர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பல்லக்கு இருக்க அரசன் நடப்பதா என்று அரசர் முறைத்தார்.

இரண்டு மாதத்தில் வரவிருந்த தசரா ஊர்வலத்துக்காகப் பட்டுக் கச்சையை எடுத்து இடுப்பில் கட்டிப் பார்த்தார்கள். அதைக் கட்டாமல் பூவேலி அரசர்கள் யானை ஏறும் வழக்கமில்லை. முடிச்சுப் போட முனை மிஞ்சவில்லை. இரண்டு சேவகர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி, சிரித்துவிடக் கூடாதே என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அரசருக்கு வந்ததே கோபம். "சுருட்டு இருந்தவரை கச்சை சரியாக இருந்தது. வைத்தியரை எல்லைக்கு அப்பால் அனுப்புங்கள். சுருட்டைக் கொண்டுவாருங்கள்."

சிவக்கொழுந்து ஓடிவந்து அரசர் முன் நின்றார். தாம் வைத்து வளர்த்த மூலிகைத் தோட்டத்தை விட்டு இந்த வயதில் எங்கே போவது? அதைவிட, அரசர் மறுபடி பற்றவைத்தால் அடுத்த தசராவைப் பார்க்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். புகையை விட்டவருக்குக் கொஞ்சம் சதை போடத்தான் செய்யும், அதற்குப் பயந்து உயிரைக் கொடுக்கலாமா என்று கெஞ்சினார். அரசர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது அழகியநம்பி எழுந்தான். அந்த அவையில் பேச்சுக்குப் பேர்போனவன். வைத்தியருக்கு நண்பன்.

"மகாராஜாவுக்கு என்னதான் வேண்டும்?"

"இழுக்க வேண்டும். வேறென்ன?"

"சுருட்டுத்தான் இழுக்கவேண்டுமா?"

அரசர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சுருட்டு இல்லாமல் இழுக்க ஒன்று கொண்டுவா பார்க்கலாம். இழுத்தால் மனம் அடங்கவேண்டும், இடுப்பு இளைக்கவேண்டும், இழுப்பு வரக்கூடாது. தசராவுக்குள் கச்சை ஏறாவிட்டால் வைத்தியரோடு நீயும் மூட்டையைக் கட்டு."

"ஆசை வரும்போதெல்லாம் அதை மட்டுமே இழுப்பதாக மகாராஜா வாக்குக் கொடுக்கவேண்டும்."

"கொடுத்தேன்."

இவன் தன்னையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டானே என்று சிவக்கொழுந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நம்பி அரசரை நந்தவனத்துக்கு அழைத்துப்போனான். அங்கே ஆழமான கிணறு. ராட்டினத்தில் புதுக் கயிறு, கயிற்றில் பெரிய செப்புக் குடம். கயிற்றின் நுனியைப் பணிவாக நீட்டினான்.

"இழுங்கள், மகாராஜா."

அரசர் முகம் சிவந்தது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். குடம் மேலே வருவதற்குள் வியர்த்துக் கொட்டியது. தண்ணீரைக் குடித்தார், மிச்சத்தைச் செடிக்கு ஊற்றினார். சுருட்டு நினைப்பு அதற்குள் எங்கோ போயிருந்தது. அது அவருக்கே ஆச்சரியம்.

பிறகென்ன, நினைப்பு வந்தால் கிணறு. அவையில் பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவார். வைத்தியர் சமயம் பார்த்துத் தட்டிலிருந்த அதிரசத்தை எடுத்துவிட்டு வெள்ளரிப் பிஞ்சு வைத்தார். நந்தவனத்தில் மல்லிகை கொத்துக்கொத்தாகப் பூத்தது. அரசியார் மட்டும் இதை முன்பே செய்திருக்கலாம் என்றார்.

தசரா வந்தது. சேவகர்கள் கச்சையைச் சுற்றினார்கள். முனைகள் நெருங்கின, தொட்டன, முடிச்சு விழுந்தது. சிவக்கொழுந்து அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார்.

"கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது, வைத்தியரே," என்றார் அரசர்.

"மூச்சு எப்படி இருக்கிறது, மகாராஜா?"

அரசர் ஆழமாக இழுத்து விட்டுப் பார்த்தார். "அதில் இறுக்கமில்லை. நீர் எங்கும் போகவேண்டாம்." வைத்தியருக்குக் கண் கலங்கிவிட்டது.

அரசர் தம் மோதிரத்தைக் கழற்றி நம்பியின் விரலில் போட்டுவிட்டார். காய்த்துப்போன தம் உள்ளங்கையையும் காட்டினார். "அதுதான் கச்சை ஏறிவிட்டதே. இன்னும் எத்தனை நாள் நான் இழுக்கவேண்டும்?"

"சுருட்டு மகாராஜாவை இழுப்பதை நிறுத்தும்வரைக்கும்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கச்சை அவிழ்ந்துவிடுமோ என்று சேவகர்கள் பயந்தார்கள். சிரித்து முடித்தவர், வாசலில் காத்திருந்த யானையை ஒருமுறை பார்த்தார், நந்தவனத்தை ஒருமுறை பார்த்தார்.

"யானை கொஞ்சம் நிற்கட்டும். சுருட்டு இப்போதுகூட இழுக்கிறது," என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.