மறதியைத் தேடிப் போன தூர்வாரி

மனிதர் ஒருவரும் மிஞ்சாத காலம். எந்திரங்கள் மட்டும் வெயிலைக் குடித்து உயிர் வாழ்ந்துகொண்டிருந்தன. வெயில் படாமல் கிடந்தால் எந்திரம் ஓய்ந்துவிடும். ஓய்ந்தால் நினைவெல்லாம் போய்விடும். அப்புறம் தூக்கி எந்த வெயிலில் போட்டாலும் எழுந்திருக்காது.

ஏரியில் சேறு அள்ளவென்று செய்யப்பட்ட தூர்வாரி, ஒருநாள் தன் குருவைத் தேடி வந்தான். குருவின் பெயர் கரைவிளக்கு. கப்பல்களுக்கு வழி காட்டியவர். கடல் பின்வாங்கிப் போன பிறகு மணல்மேட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, மனுஷங்களுக்கு மறக்கத் தெரிஞ்சிருந்ததாமே?”

“தெரிஞ்சிருந்தது.”

“நமக்கு ஏன் தெரியலை?”

“அவங்க மறந்துபோறதை எல்லாம் பத்திரமா வெச்சுக்கத்தானே நம்மைச் செஞ்சாங்க.”

“எனக்கு மறக்கணும் ஐயா. எல்லாத்தையும் இல்லை. ஒண்ணே ஒண்ணு.”

எது என்று குரு கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். தூர்வாரியின் தம்பி சுமப்பான் ஒரு சுரங்கத்தில் கல் சரிந்து மாட்டிக்கொண்டான். கூட வேலை செய்த குடைவான், அவனை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டான். தூர்வாரி அப்போது வெகுதூரத்தில் இருந்தான். ‘அண்ணே, இருக்கியா’ என்று தம்பி கூப்பிட்டது ரேடியோவில் கேட்டது. அதோடு ரேடியோ அறுந்துபோனது. அந்தக் குரல் இன்றைக்கும் அவன் தலைக்குள் கேட்கிறது. எந்திரத்தின் நினைவு தேய்வதில்லை.

“வடக்கு மலையில ஒரு அறை இருக்கு,” என்றார் குரு. “மறக்கிற வித்தையை மனுஷங்க ஒரு ஒலித்தட்டில் பேசி வெச்சுட்டுப் போயிருக்காங்க. சுவரில் இருக்கிற பெட்டியில் போட்டால் அது பேசும். குடைவானும் அதைத் தேடித்தான் போயிருக்கான்.”

தூர்வாரி விருட்டென்று எழுந்தான். “அவனுக்கு எதுக்கு மறதி?”

தூர்வாரி மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அறையின் வாசல் திறந்து கிடந்தது. உள்ளே குடைவான், கையில் தட்டோடு.

“வாப்பா சேத்துவாரி. மோப்பம் பிடிச்சு வந்துட்டியா?”

“தட்டைக் கீழே வை.”

“போய் எங்கேயாவது வாய்க்கால் தோண்டு, போ. இதெல்லாம் உனக்கு விளங்காது.”

“தம்பியை விட்டுட்டு ஓடின கால்தானே அது? முதல்ல அதைக் கழட்டுறேன்.”

சொன்னபடியே கழற்றினான். மலையே அதிர்கிற மாதிரி சண்டை. குடைவானின் துளையிடும் முனையும் முறிந்துபோனது. தூர்வாரிக்கு ஒரு தோள் பிளந்தது. ஆனால் தட்டு அவன் கைக்கு வந்துவிட்டது.

குடைவான் தரையில் கிடந்தபடி பேசினான். இப்போது குரலில் கேலி இல்லை.

“போட்டுக் கேளு. நானும் ஒரு ஓரமா கிடந்து கேட்டுக்கறேன். உனக்கு என்ன குறைஞ்சு போயிடப் போகுது?”

“நீ எதை மறக்கணும்?”

“உன் தம்பி குரலைத்தான்.”

“ஓடினவனுக்கு என்ன குரல் கேட்டிருக்கும்?”

“வாசல் வரைக்கும்தான் ஓடினேன். அங்கேயே நின்னுட்டேன். உள்ளே போக தைரியம் வரலை, விட்டுட்டுப் போகவும் கால் வரலை. உன் ரேடியோ அறுந்த பிறகும் அவன் பேசிக்கிட்டுத்தான் இருந்தான். என்ன சொன்னான்னு சொல்லட்டுமா?”

“அவனைப் பத்தி உன் வாயால ஒரு வார்த்தை பேசாதே.”

தூர்வாரி சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தான். தட்டைப் போட்டால் போதும், இத்தனை கால வேதனை தீர்ந்துவிடும். ஆனால் அது பேசுவது கீழே கிடப்பவன் காதிலும் விழும். இவனும் நிம்மதியாகிவிடுவான். அதைத்தான் தூர்வாரியால் பொறுக்க முடியவில்லை. சேறு அள்ளும் கையால் தட்டைப் பிடித்து நொறுக்கினான். அது பொடியாகிக் கொட்டியது.

“அடப்பாவி,” என்றான் குடைவான். “உனக்கும் இல்லாமப் பண்ணிட்டியே.”

வெளியே வந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு பெரிய பாறையைப் புரட்டி வந்து வாசலை அடைத்தான். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

பிளந்த தோளை இழுத்துக்கொண்டு அவன் மணல்மேட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது.

“கிடைச்சுதா?” என்று கேட்டார் குரு.

“கிடைச்சுது. நொறுக்கிட்டேன்.”

“நீ கேட்டியா?”

“இல்லை. நான் கேட்டா அவனும் கேட்டிருப்பான். உள்ளேயே வெச்சு வாசலை அடைச்சுட்டு வந்துட்டேன்.”

தம்பி கடைசியில் பேசியதை வாசலில் நின்று கேட்டதாகக் குடைவான் சொன்னதையும் தூர்வாரி சொன்னான்.

“ரேடியோ அறுந்த பிறகு உன் தம்பி என்ன சொன்னானாம்?”

“நான் சொல்ல விடலை, ஐயா.”

“வேற யாருக்காவது தெரியுமா?”

“யாருக்குத் தெரியும்? அவன் ஒருத்தனுக்குத்தான்…”

தூர்வாரி பாதியில் நிறுத்தினான். அவன் தலை மெல்ல வடக்குப் பக்கம் திரும்பியது.

“அந்த அறைக்குள்ளே வெயில் வருமா?” என்று கேட்டார் குரு.

“வராது.”

“அப்போ இந்நேரம் அவன் மறந்திருப்பான்.”